பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கும் பேட்டண்டா?

(திண்டுக்கல்லில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேட்டண்ட் என்ற சொல்லைக் கேட்டதும், அது வக்கீல்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் உரிய சமாச்சாரம், மில்லிலும் வயலிலும் நிற்கிற நமக்கு அதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது உங்கள் குற்றமல்ல. அப்படி நினைக்கும்படியாகத்தான் இந்த விஷயத்தை இதுவரை வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசி பலித்ததா இல்லையா என்று பார்க்கிற சோதனைக்கு யார் சொந்தக்காரர் என்று ஒரு கேள்வி எழுந்தால், அந்தக் கேள்வி நம்முடையதா, இல்லையா? அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

பேசுவது திண்டுக்கல்லில். ஆகவே பூட்டிலிருந்தே தொடங்குவோம்.

நம் ஊர் மாங்காய்ப் பூட்டை அறியாதவர் இங்கே யாரும் இல்லை. பூட்டைப் போட்டு, சாவியைத் திருப்பி எடுத்த பிறகு யாரும் அப்படியே போய்விடுவதில்லை. கையால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறோம். பூட்டு விழுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த இழுப்பு. பூட்டைச் செய்த தொழிலாளி, உள்ளே வைத்திருக்கும் அமைப்பு என் மூளையில் உதித்தது, அதை வேறொருவன் திருடக்கூடாது என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவன் வந்து, 'பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கும் முறை என்னுடையது. இனி இந்த நாட்டில் எவன் இழுத்துப் பார்த்தாலும் எனக்குக் கப்பம் கட்டவேண்டும்' என்று சொன்னால் என்ன செய்வோம்? சிரிப்போம். ஆனால் தடுப்பூசி விஷயத்தில் ஏறக்குறைய இதே கோரிக்கை, கனமான சட்ட மொழியை உடுத்திக்கொண்டு, பேட்டண்ட் ஆபீசின் படியேறி வருகிறது. அங்கே அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஊசி பலித்ததா?

தடுப்பூசி என்ன செய்கிறது? கிருமியின் செத்த உடலையோ, அதன் ஒரு துண்டையோ, வீரியம் குறைத்த கிருமியையோ உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் கேடியின் படத்தை ஒட்டி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். (போலீஸ் உவமை நமக்கு அவ்வளவு உவப்பானதல்ல, ஆனாலும் விஷயம் விளங்குகிறது.) அடையாளம் கண்ட உடல், அந்தக் கிருமியை மடக்கும் எதிர்ப்புப் பொருள்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, கிருமியின் துண்டோடு சேர்த்துப் பார்த்தால், அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்று அளக்கலாம். இதுதான் சோதனை.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள்காமாலையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் தோய்ந்த பஞ்சையும் ஊசியையும் அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளிக்கு இந்தத் தடுப்பூசி உயிர்க்காப்பு. ஊசி போட்ட பின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் காப்பு உண்டு என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். தடுப்பூசியில் இருப்பது அந்தக் கிருமியின் மேல்தோல் மட்டுமே. எனவே மேல்தோலுக்கு எதிரான பொருள் மட்டும் இருந்தால் அது ஊசி தந்த காப்பு. கிருமியின் உள்பகுதிக்கு எதிரான பொருளும் சேர்ந்து இருந்தால், அந்த மனிதரை நோயே ஒருமுறை தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஊசியால் வந்த சக்தியா, நோயால் வந்த சக்தியா என்று பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்.

கொரோனாக் காலத்திலும் இதே சங்கதிதான். கோவிஷீல்டு கிருமியின் வெளிமுள்ளை மட்டும் உடலுக்கு அறிமுகப்படுத்தியது. கோவாக்சின் முழுக் கிருமியையும் கொன்று உள்ளே செலுத்தியது. ஆகவே கோவிஷீல்டு போட்டவரிடம் ஊசியையும் நோயையும் பிரித்துப் பார்ப்பது சுலபமாக இருந்தது. கோவாக்சின் போட்டவரிடம் கடினமாக இருந்தது. 2020 மே மாதத்தில் புனேயில் இருக்கும் தேசிய நோய்க்கிருமி ஆய்வுக்கூடம், பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம், எதிர்ப்புப் பொருளைக் காணும் 'கவச்' என்ற சோதனையைச் சில வாரங்களிலேயே உருவாக்கியது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நாடு தழுவிய நான்காவது ரத்த ஆய்வில் 67.6 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் பொருள் இருப்பது தெரிந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஜனங்களுக்குக் கிருமியோ ஊசியோ தொட்டிருந்தது என்று நாட்டுக்கே தெரியவந்தது இத்தகைய சோதனையால்தான். ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் ஒரு கம்பெனிக்குக் கப்பம் கட்டவேண்டியிருந்தால் அந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்குமா?

விவசாயத் தோழர்களுக்கு மாட்டைச் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். கோமாரி வந்தால் மாட்டின் வாயும் குளம்பும் புண்ணாகி, பால் வற்றி, உழவும் நின்றுபோகும். 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் நாடு முழுவதும் கோமாரி ஊசித் திட்டத்தைத் தொடங்கியது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்புப் பொருள் உண்டு. நோய் வந்து போன மாட்டின் ரத்தத்திலும் உண்டு. சந்தையில் வாங்கும் மாடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமி உடலுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகிற சில புரதங்கள் இருக்கின்றன. சுத்தப்படுத்திய ஊசி மருந்தில் அவை இருப்பதில்லை. அந்தப் புரதங்களுக்கு எதிரான பொருள் இருக்கிறதா என்று பார்த்தால் ரகசியம் வெளிப்படும். நம் நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களே இத்தகைய சோதனையை அமைத்துப் பயன்படுத்துகின்றன.

செங்கல்பட்டு தந்த பாடம்

சோதனை 'ஆம்' என்று சொன்னால் காப்பு உண்டு என்று எப்போதும் நம்பிவிடலாமா? கூடாது. இதற்குப் பெரிய சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து வாழ்கிறவர்களுக்கு டி.பி. என்ற பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். அதற்கான பி.சி.ஜி. ஊசி 1921ல் பிரான்சில் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டுக்கான பி.சி.ஜி. மருந்தைச் செய்ய 1948ல் சென்னை கிண்டியில் சர்க்கார் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. 1955ல் ராஜாஜி இந்த ஊசியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சர்க்கார் டாக்டர்கள் மறுத்து எழுதினார்கள். எழுத்துச் சண்டையில் தீராத விஷயம் கடைசியில் கிராமங்களில்தான் தீர்ந்தது. 1968ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில், உலகத்திலேயே பெரிய பி.சி.ஜி. ஆராய்ச்சி தொடங்கியது. சுமார் 2,60,000 பேர். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி; யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஊசி போட்டு இரண்டரை மாதத்தில் தோல் சோதனை செய்து பார்த்தார்கள். தோல் நன்றாகத் தடித்தது. அப்படியானால் ஊசி பலித்துவிட்டது என்றுதானே சொல்லத் தோன்றும்? ஆனால் இரண்டரை ஆண்டில் அந்தத் தடிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. 1979ல், ஏழரை ஆண்டுக் கணக்கு வெளியானபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் டி.பி. வந்ததில் வித்தியாசமே இல்லை! பதினைந்து ஆண்டுக் கணக்கும் பெரியவர்கள் விஷயத்தில் இதையே உறுதி செய்தது. (குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய டி.பி.யை இந்த ஊசி தடுக்கிறது. ஆகையால் பிறந்த குழந்தைக்குப் போடுவதை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.)

ஆக, தோல் சோதனை சொன்னது உடல் அடையாளம் கண்டுகொண்டது என்பதை மட்டும். காப்பு கிடைத்துவிட்டது என்பதை அது சொல்லவில்லை. பூட்டு இழுப்புக்கு வரவில்லை. ஆனால் திருடன் உள்ளே போய்விட்டான்! பி.சி.ஜி. தரும் காப்பை நிச்சயமாக அளந்து சொல்லும் சோதனை இன்றுவரை உலகத்தில் கிடையாது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறோம் என்றால், 'இந்தச் சோதனையால் தடுப்பூசி தந்த சக்தியைக் கண்டறியலாம்' என்று ஒரு கம்பெனி விண்ணப்பத்தில் எழுதினால், அந்த ஒரு வரியை மெய்ப்பிக்க எத்தனை ஆயிரம் ஏழைகளின் உடம்பும், எத்தனை ஆண்டுப் பொதுப்பணமும் தேவைப்படும் என்பதை அந்தக் கிராமங்கள் காட்டியிருக்கின்றன. அந்த 2,60,000 பேரில் யாருக்காவது பேட்டண்டில் பங்கு உண்டா?

பி.சி.ஜி. போட்டவர் யார், டி.பி. கிருமி உண்மையில் உள்ளே இருப்பவர் யார் என்று பிரிப்பதற்கு வேறு வழி பிறகு வந்தது. பி.சி.ஜி. கிருமியில் இல்லாத, நோய்க்கிருமியில் மட்டும் இருக்கும் இரண்டு புரதங்களைக் கொண்டு சோதிப்பது அந்த வழி. அவற்றில் ஒன்றின் மீது டென்மார்க்கின் ஸ்டேட்டன்ஸ் சீரம் நிறுவனம் பேட்டண்ட் பெற்றது. இப்புரதங்களை வைத்து ஆஸ்திரேலியாவின் செலஸ்டிஸ் கம்பெனி ரத்த சோதனை செய்தது; 2011ல் அந்தக் கம்பெனியையே கியாஜென் என்ற பெரிய கம்பெனி விழுங்கியது. 2022ல்தான் இதே முறையிலான தோல் சோதனைக்கு, புனே சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பது, இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

எதைக் கேட்கிறார்கள்?

பேட்டண்ட் விண்ணப்பத்தில் படங்களும் பக்கங்களும் எவ்வளவு இருந்தாலும், உயிர்நாடி கடைசியில் வரும் 'உரிமைக் கோரிக்கை' என்ற பகுதி. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, இதுவரை என்னுடையது என்று அங்கே எல்லை போடுகிறார்கள். சோதனை விஷயத்தில் எல்லையை மூன்று விதமாகப் போடலாம். நான் செய்த இந்தக் குறிப்பிட்ட புரதத் துண்டு என்னுடையது என்று கேட்கலாம். இந்தப் பெட்டியும் அதிலுள்ள பட்டையும் என்னுடையது என்று கேட்கலாம். மூன்றாவதுதான் அபாயம்: 'தடுப்பூசி போட்ட ஒருவரின் ரத்தத்தை எடுத்து, எதிர்ப்புப் பொருளை அளந்து, காப்பு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் முறை' முழுவதும் என்னுடையது என்று கேட்பது. முதல் இரண்டும் பூட்டைக் கேட்கின்றன. மூன்றாவது, இழுப்பையே கேட்கிறது.

இந்த ஆசை புதிதல்ல. ஹெபடைடிஸ் பி கிருமியின் புரதத்தை மரபணு முறையில் செய்ய ஒரு வழியைக் கண்ட பயோஜென் கம்பெனி, வேறு எந்த வழியில் செய்தாலும் அதுவும் எங்களுடையதே என்கிற அளவுக்கு எல்லையை விரித்தது. 1996ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, நீ கண்டது ஒரு வழி, கேட்பது எல்லா வழியும் என்று சொல்லி அந்தப் பேட்டண்டைச் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே, ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டிலேயே அந்தத் தடுப்பூசியைச் செய்து, இறக்குமதிச் சரக்கைவிடப் பல மடங்கு மலிவாகக் கொடுத்தது. 2012ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் இன்னொரு வழக்கு. ரத்தத்தில் மருந்தின் எச்சம் இவ்வளவு இருந்தால் அளவைக் குறை, இவ்வளவுக்குக் கீழே போனால் கூட்டு என்று சொல்லும் சோதனை முறைக்கு பிராமிதியஸ் என்ற கம்பெனி பேட்டண்ட் வைத்திருந்தது. உடலுக்குள் நடப்பது இயற்கையின் விதி, அதற்கு யாரும் பட்டா வாங்க முடியாது என்று நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இப்படி ஒரு தீர்ப்பு!

நம் சட்டத்தின் கதை

வெள்ளைக்காரன் 1911ல் போட்ட பேட்டண்ட் சட்டத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் சுமந்துகொண்டிருந்தோம். அதை ஆராயச் சொல்லி நியமிக்கப்பட்டவர் சென்னை ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். 1959ல் அவர் கொடுத்த அறிக்கை என்ன சொன்னது? இந்தியாவின் பேட்டண்டுகளில் 80 முதல் 90 சதவீதம் அந்நியர் கையில்; அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை. அதாவது வேலி போட்டார்கள், விதைக்கவில்லை. அவர் கம்யூனிஸ்ட் அல்ல. கணக்கைப் பார்த்துச் சொன்ன நீதிபதி. அந்த அறிக்கையின் அடிப்படையில் வந்ததுதான் 1970ம் ஆண்டுச் சட்டம். மருந்துக்குப் பேட்டண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டும்தான், அதுவும் குறுகிய காலத்துக்கு என்று அது வைத்தது. நம் நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த நிழலில்தான். உலக வர்த்தக அமைப்பின் நெருக்கடியில் 2005ல் அந்த நிழல் போயிற்று. மருந்துக்கும் பேட்டண்ட் வந்தது, 20 ஆண்டுக்கு.

ஆனால் சில வேலிகள் நம் பக்கமும் மிஞ்சின. மூன்றாம் பிரிவின் 'ஐ' உட்பிரிவு, மனிதருக்கோ மிருகத்துக்கோ செய்யும் சிகிச்சை முறைகளைப் பேட்டண்டுக்கு அப்பால் வைக்கிறது. நோய்த் தடுப்பு முறையும் அதில் அடங்கும். நோயறியும் முறை என்ற சொல்லை 2002ம் ஆண்டுத் திருத்தம் அதில் வெளிப்படையாகவே சேர்த்தது. உலக வர்த்தக ஒப்பந்தமே இந்த விலக்கை அனுமதிக்கிறது. ஆகையால் யாரும் நம்மை ஒப்பந்தம் மீறியவர்கள் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் சென்னை ஹைகோர்ட்டின் ஒரு தீர்ப்பு வருகிறது. ஹாங்காங்கின் சீனப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் சீக்வெனம் கம்பெனியும், கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுக் குழந்தையின் மரபணுவை ஆராயும் ஒரு முறைக்குப் பேட்டண்ட் கேட்டன. பேட்டண்ட் ஆபீஸ் 'ஐ' உட்பிரிவைக் காட்டி மறுத்தது. அப்பீலில் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி 2023 அக்டோபரில் அந்த மறுப்பை ரத்து செய்தார். தீர்ப்பில் இரண்டு முனைகள் இருக்கின்றன. உடலில் நேரடியாகச் செய்யும் சோதனை மட்டுமல்ல, வெளியே சோதனைக் குழாயில் செய்வதும் விலக்குக்குள் வரும் என்றது ஒரு முனை. அது நமக்கு நல்லது. நோய் இருப்பதை வெளிப்படுத்துகிற சோதனைதான் 'நோயறிதல்'. அப்படி வெளிப்படுத்தாதது விலக்குக்குள் வராது என்றது மறுமுனை.

இந்த மறுமுனையை நம் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். தடுப்பூசி தந்த சக்தியை அளக்கும் சோதனை எந்த நோயையும் கண்டுபிடிப்பதில்லை, காப்பைத்தான் கண்டுபிடிக்கிறது. ஆகவே கம்பெனி வக்கீல், 'ஐயா, இது நோயறிதலே அல்ல, விலக்கு எங்களுக்குப் பொருந்தாது' என்று எழுந்து நிற்கலாம். இந்த வாதத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

பதில் இருக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம். அதே உட்பிரிவில் நோய்த் தடுப்பு என்ற சொல்லும் நிற்கிறது. சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது எதற்காக? இன்னொரு ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக. அது நோய்த் தடுப்பின் ஒரு படி; படியைக் கழற்றித் தனியாக விற்க முடியாது. இரண்டாவது, எதிர்ப்புப் பொருள் இவ்வளவு இருந்தால் காப்பு உண்டு என்பது இயற்கையில் உள்ள உண்மை. அதைக் கண்டறிவது வெறும் கண்டுபிடிப்பு, புத்தாக்கம் அல்ல என்று மூன்றாம் பிரிவின் 'சி' உட்பிரிவு சொல்லுகிறது. மூன்றாவது, இதில் புதுமை எங்கே? தொண்டை அடைப்பான் நோய்க்கு ஒருவருக்குக் காப்பு இருக்கிறதா என்று தோலில் ஊசி குத்திப் பார்க்கும் முறையை பேலா ஷிக் 1913லேயே கொண்டுவந்துவிட்டார். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை நிறம் மாற்றி அளக்கும் எலைசா முறை 1971ல் ஸ்வீடனில் பிறந்தது. இவ்வளவும் ஊரறிந்த சரக்கு. அதற்கு மேலே ஒருவர் புதிதாகச் சேர்த்த புரதத் துண்டு இருந்தால், அந்தத் துண்டின் அளவுக்கு அவருக்கு உரிமை கொடுக்கட்டும். உழைத்த விஞ்ஞானிக்குக் கூலி கூடாது என்று நாம் சொல்லவில்லை. கூலியை மறுப்பது நம் வழக்கமும் அல்ல.

மில் கேட்டில் என்ன நடக்கும்?

விலையைக் கேட்கிறீர்களா? டி.பி. கிருமியையே கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையைப் பாருங்கள். அதன் ஒரு கார்ட்ரிட்ஜ் ஏழை நாடுகளுக்கு 9.98 டாலர் என்று பல ஆண்டு விற்றது. ஐந்து டாலருக்குக் குறைவாகவே கொடுக்க முடியும் என்று 'எல்லையற்ற மருத்துவர்கள்' அமைப்பு கணக்குக் காட்டி உலகம் முழுவதும் குரல் எழுப்பிய பிறகு, 2023 செப்டம்பரில் 7.97 ஆனது. அந்தக் கருவியின் ஆராய்ச்சிக்கு 25 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் போயிருந்தது. கொரோனா நேரத்தில் 2020 அக்டோபர் 2ந் தேதி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும், தொற்று முடியும்வரை பேட்டண்டுகளை நிறுத்தி வையுங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. பணக்கார நாடுகள் ஒன்றே முக்கால் ஆண்டு இழுத்தடித்து, 2022 ஜூனில் தடுப்பூசிக்கு மட்டும் அரைகுறைச் சலுகை கொடுத்தன. சோதனைகளையும் சிகிச்சை மருந்துகளையும் பற்றி ஆறு மாதத்தில் முடிவு செய்வோம் என்றார்கள். 2024ல் முடிவில்லாமலே கைவிட்டார்கள்.

விலையைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் சில சர்க்கார்கள், எதிர்ப்புப் பொருள் இருப்பவருக்குச் சான்று கொடுத்து வேலைக்கும் பிரயாணத்துக்கும் விடலாம் என்று யோசித்தன. உலக சுகாதார ஸ்தாபனம் அந்த மாதம் 24ந் தேதியே, அதற்கு ஆதாரம் இல்லை என்று எச்சரித்தது. நாளை இன்னொரு தொற்று வந்தால் அந்த யோசனை மீண்டும் வரும். வேடசந்தூர்ப் பக்கத்து மில் கேட்டில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையனை நிறுத்தி, சக்தி இருக்கிறது என்ற சீட்டைக் காட்டு என்பார்கள். சீட்டுக்கு ஒரே கம்பெனியின் சோதனைதான் செல்லும் என்றால், சோதனைக் காசு யார் கூலியில் பிடிக்கப்படும்? சோதனை தவறாகச் சொன்னால், வேறு சோதனையில் சரிபார்க்க வழி இருக்குமா? இழுப்பு ஒருவன் கையில் இருந்தால், பூட்டு விழுந்ததா என்று அவன் சொல்வதே வேதம்.

ஆட்சேபிக்கும் உரிமை

நம் பகுதி விண்ணப்பங்களை ஆராயும் பேட்டண்ட் ஆபீஸ் கிண்டியில் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கொடுத்த அலுவலகமும் அதே வளாகம்தான். (அந்தக் குறியீடு ஒரு முதலாளிக்குச் சொந்தமானதல்ல, ஊர்த் தொழிலுக்குச் சொந்தம் என்பதையும் நினைவில் வையுங்கள்.) அங்கே நடப்பது இது: விண்ணப்பம் போட்டால் பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் அது பிரசுரமாகும். ஆராயச் சொல்லித் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். 2024ன் புதிய விதிப்படி அதற்கு 31 மாதம் கெடு. ஆய்வு அதிகாரி உலகத்துப் பழைய பத்திரிகைகளையும் பேட்டண்டுகளையும் புரட்டி, இது புதிதா, இதில் அறிவின் முன்னடி உண்டா, மூன்றாம் பிரிவில் அடிபடுகிறதா என்று ஆட்சேபக் குறிப்பு எழுதுகிறார். கம்பெனி பதில் சொல்லும், வார்த்தையை மாற்றும். 'நோயறியும் முறை' என்றிருந்தது 'அளவிடும் முறை' ஆகும், 'கண்காணிக்கும் முறை' ஆகும். எல்லை அதே எல்லை, பலகை மட்டும் வேறு. இந்த இடத்தில் அதிகாரி ஏமாந்தால் இருபது ஆண்டு போயிற்று.

அதிகாரி மட்டும் பார்த்தால் போதாது என்பதால்தான், பேட்டண்ட் கொடுப்பதற்கு முன்பே எந்த மனிதரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்று 25ம் பிரிவு சொல்லுகிறது. 2004 டிசம்பர் அவசரச் சட்டம் இந்த உரிமையைக் குறுக்கியது. 2005ல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வற்புறுத்தி முழுமையாகத் திரும்ப வாங்கினார்கள். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ரத்தப் புற்றுநோய் மருந்து கிளைவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டண்டை, நோயாளிகள் சங்கம் ஆட்சேபித்ததன் பேரில் 2006ல் இதே சென்னை ஆபீஸ்தான் மறுத்தது. 2013 ஏப்ரல் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. டி.பி. மருந்து பெடாகுவிலின் மீது ஜான்சன் கம்பெனி இன்னும் சில ஆண்டு நீட்டிப்புத் தேடியபோது, ஆட்சேபித்தவர்களில் இருவர் டி.பி.யிலிருந்து மீண்ட பெண்கள்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலே. சிகிச்சையின் பக்கவிளைவால் இருவரும் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் தள்ளுபடியானது.

இப்போது இந்தக் கதவை மெல்லச் சாத்தப் பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் டெல்லி ஹைகோர்ட், ஆட்சேபித்தவருக்கு ஆய்வு நடைமுறையில் பங்கு கேட்க உரிமை இல்லை என்றது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த விதிகள் இதுவரை இலவசமாக இருந்த ஆட்சேபத்துக்குக் கட்டணம் வைத்தன. ஆட்சேபம் ஏற்கத்தக்கதுதானா என்று கண்ட்ரோலர் முதலில் முடிவு செய்வார் என்றும் வைத்தன. எந்த மனிதரும் என்று சட்டம் சொல்லுகிறது. காசுள்ள மனிதரும் என்று விதி திருத்துகிறது.

ஆனாலும் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. பேட்டண்ட் ஆபீசின் பத்திரிகை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறது. யாரும் காசில்லாமல் பார்க்கலாம். விண்ணப்பம் அதில் பிரசுரமானதிலிருந்து ஆறு மாதம் முடியாமல் பேட்டண்ட் கொடுக்கக்கூடாது. அந்த ஆறு மாதம் நம்முடையது. தடுப்பூசி, எதிர்ப்புச் சக்தி, சோதனை என்ற சொற்கள் வரும் விண்ணப்பங்களைப் பிரித்தெடுக்க ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நாலு பிள்ளைகள் போதும். கோரிக்கைப் பகுதியை விளக்கிச் சொல்ல ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தோழர் வேண்டும். பழைய சான்றுகளைத் தேடக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலைவதற்கு முன் மேஜையருகே வாருங்கள். இந்த வெள்ளிக்கிழமைப் பட்டியலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.